யாகோமினாவின் பின்வாசலில் பதினான்கு சூப்புச் சட்டிகள்

யாகோமினாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் எழுத்துப்பிழை இருக்காது. ஆனால் படித்து முடிக்கும்போது அவள் செத்து நாலு வருஷம் ஆனவள்போலத் தோன்றும். மினா அத்தை சாகவில்லை. நேற்றுக்கூட என் ரப்பர் பூட்ஸுக்குள் அழுகின வெங்காயம் ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள்.

நான் பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். பள்ளிக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து வெங்காயம் தரம் பிரிக்கிற கூடத்தில் வேலை. நடுவில் பெல்ட் ஓடும். இந்தப் பக்கம் நான், எதிரே மினா அத்தை. இருபத்தொன்பது வருஷமாக அவள் அதே இடத்தில்தான் நிற்கிறாள். ஓடிவரும் வெங்காயங்களை அவள் உற்றுப் பார்ப்பதே இல்லை. பேசிக்கொண்டே இருப்பாள், கை மட்டும் தானாகப் போய்க் கெட்டதைப் பொறுக்கி எடுக்கும். வெளியூர்க்காரர்கள், "நாள் முழுக்க அழுதுக்கிட்டே வேலை செய்வீங்களா?" என்று கேட்பார்கள். உரிக்காத வெங்காயம் யாரையும் அழவைக்காது. அங்கே யாராவது அழுதால் வேறு காரணம் இருக்கும்.

கடலைத் தடுக்கிற அணைக்கரையைப் பராமரிக்கிற தொழிலாளி ஒருவரின் மூன்றாவது மகள் அவள். கணவர் மாரினஸ் மாமா மணல் வாருகிற கப்பலில் இருக்கிறார். எட்டு வாரம் கடல், நாலு வாரம் வீடு. இரண்டு மகன்களும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். ஆலயத்தில் வலதுபக்கம் நான்காம் வரிசை, தூணுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. எங்கள் போதகரின் பிரசங்கம் மூன்று பகுதியாக இருக்கும். ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் அடுக்கிய காகிதச் சுருள் வரிசையில் கைமாறும், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்வோம். மினா அத்தை கையிலிருந்து வருகிற சுருளில், பெப்பர்மின்ட் அளவுக்கே செதுக்கிய சாக்பீஸ் துண்டு ஒன்று எப்போதாவது இருக்கும். ஒருமுறை அது மூப்பரின் மனைவிக்குப் போனது. அந்த அம்மாள் மரியாதைக்குக் கட்டுப்பட்டு அதை இரண்டாம் பகுதி முடியும்வரை சப்பிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட பெண்மணிக்கு எதிரே என்னை நிற்கவைத்தால் நான் எப்படித் திருந்துவேன்?

என் அம்மா டிங்கனாவும் அவளும் ஆறு வயதிலிருந்து சிநேகிதிகள். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவள் வீடு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா அங்கே போய்விடுவாள். காப்பி ஒரு சாக்கு. மினா அத்தைக்கு மனதில் பட்டது எதுவும் என் அம்மாவிடம் சொன்னால்தான் நடந்ததாக ஆகும்.

போன வசந்தத்தில் அவள் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். அறுத்தெடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். மருந்து ஏற்றின வாரம் அவள் படுக்கையில். மற்ற வாரங்களில் மேஸ்திரி வேண்டாம் என்றாலும் அரைநாள் வந்து நிற்பாள். முடி போயிற்று. பச்சைக் கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டாள். "முள்ளங்கிக்கு இலை வெச்ச மாதிரி இருக்கேன், பாரு," என்றாள் என்னிடம். நாக்கில் ருசியும் போயிற்று. எதைத் தின்றாலும் துருப்பிடித்த ஆணியை நக்குவது போலிருக்கிறது என்றாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவள் அம்மாவிடம் சொன்னாளாம்: "டிங்கனா, எனக்கு ஜெபம் வரலடி. கண்ணை மூடுறேன், உள்ள ஒண்ணுமே இல்ல. சாப்பாட்டுக்கு முன்னாடி ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை, அதுக்குக்கூட வாய் எழும்பல. யார்கிட்டயும் சொல்லிடாத."

அம்மா சரி என்றாள். மனிதர்கள் யாரிடமும் அவள் சொல்லவும் இல்லை. ஆண்டவரிடம் சொன்னாள், பெட்டி வழியாக.

எங்கள் ஆலய வாசலில் ஜெபக்குறிப்புப் பெட்டி இருக்கிறது. யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் பிரசங்க மேடையிலிருந்து வாசித்து ஜெபிப்பார். அந்தப் பெட்டிக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. போதகர் ஊருக்குப் புதிதாக வந்த மாதம், 'ஒரே இரவில் தன் குடும்பம் முழுவதையும் இழந்து வாடும் சகோதரன் பார்ட்டுக்காக' என்று ஒரு சீட்டுப் போட்டேன். அவர் குரல் நடுங்க வாசித்தார். பார்ட் என்பது சபை உதவிக்காரர் கோர்ஸ்தியான் தாத்தாவின் சேவல். கோழிகளை நரி கொண்டுபோயிருந்தது. சபையே கல்லாகிவிட்டது. கோர்ஸ்தியான் தாத்தா மட்டும் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். துக்கத்தில் குலுங்கினார் என்று போதகர் நினைத்துக்கொண்டார்.

நவம்பர் முதல் புதன்கிழமை எங்களுக்கு நன்றி நாள். விளைச்சலுக்கும் வேலைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லும் நாள். பெல்ட் ஓடாது, கடை திறக்காது, காலையும் மாலையும் ஆராதனை. அன்று காலை போதகர் ஒரு சீட்டை எடுத்து வாசித்தார்.

"நம் நடுவே ஒரு சகோதரி. உடலில் நோய். இப்போது அவளால் ஜெபிக்கவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. இருளில் இருக்கிற இந்த ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்வோம்."

பெயர் சொல்லவில்லை. இருநூறு பேரில் பச்சைத் தொப்பி ஒன்றுதான் இருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் பரவாயில்லை. இருநூறு கழுத்துகள் விறைப்பாக நின்றன. சுருள் என் வரிசையில் பாதியில் நின்றுபோயிற்று. மினா அத்தை கண்ணை மூடவில்லை, தலையும் குனியவில்லை. தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாட்டு முடியும்வரை இருந்தாள். மாலை ஆராதனைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

சீட்டில் கையெழுத்து இல்லை. யார் கை என்று தெரியாதபடி பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சேவலுக்காகச் சபையை ஜெபிக்கவைத்தவள் யார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே அந்த வாரமே இரண்டு மூப்பர்கள் கறுப்புக் கோட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"லெவீனா, சேவல் விஷயம் விளையாட்டு. இது விளையாட்டில்லம்மா."

"நான் எழுதல."

"மினாவோட நீதான தினமும் நிக்கிற. உனக்குத்தான தெரிஞ்சிருக்கும்."

"அத்தை எங்கிட்ட முள்ளங்கி பத்திதான் பேசுவாங்க."

அவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அம்மா காப்பியைக் கலக்கினாள். பாலும் சர்க்கரையும் போடாத காப்பி, கலக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு பிஸ்கட் டப்பாவை இரண்டாவது முறை நீட்டினாள். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பிஸ்கட், உடனே மூடி விழும். போதகருக்கே இரண்டாவது கிடைத்ததில்லை. பெரிய மூப்பர் கோட்டுப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். கட்டம் போட்ட காகிதம், ஓரத்தில் மஞ்சள் கோடு. எங்கள் குளிர்பெட்டிக் கதவில் சாமான் பட்டியலுக்காகத் தொங்குகிற நோட்டிலிருந்து கிழித்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டப்பாவைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மினா அத்தைக்கு இருந்த ஒரே சிநேகிதியும் போய்விடும் என்று நினைத்தேன். மினா அத்தைக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதவேண்டும் என்றார்கள். எழுதினேன். ஏழு எழுத்துப்பிழைகளைத் திருத்தி மறுபடி எழுதச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மினா அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த நாட்களில் எதிரே நின்றாள், வெங்காயத்தைப் பொறுக்கினாள், மணி அடித்ததும் போனாள். வெங்காயத்தோலைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கூடத்தின் சத்தத்தில் பேசாமலிருப்பது வெளியே தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

இதற்கு நடுவே சபை ஜெபித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, சமைக்கவும் தொடங்கியது. எங்கள் ஊரில் யாருக்காவது துக்கம் என்றால் பின்வாசலில் சூப்பு வரும். சட்டி மூடியில் பெயரை ஒட்டி வைத்துவிட்டுப் போவார்கள். பட்டாணி சூப்பு, அவரை சூப்பு, கோழி சூப்பு, மறுபடி பட்டாணி. நன்றி நாளுக்குப் பிறகு மூன்று வாரத்தில் பதினான்கு சட்டிகள். தபால் போடுகிற பெண் சைக்கிளை நிறுத்த இடமில்லாமல் திட்டினாள். அம்மாவும் ஒன்று கொடுத்தனுப்பினாள், என் கையில். நான் அதை மற்றச் சட்டிகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

நாலாவது வாரம், காப்பி இடைவேளையில், மினா அத்தை தன் காலிக் கூடையைத் தள்ளிக்கொண்டுவந்து என் பக்கத்தில் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"உன் கடிதம் வந்தது. நல்லா எழுதியிருந்த. உன்னது மாதிரியே இல்ல."

"ரெண்டாவது தடவை எழுதினது."

"சீட்டு நீ எழுதலன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நீ எழுதியிருந்தா சிரிப்பு வந்திருக்கும்." காப்பியை ஊதினாள். "அதோட, நான் சொன்னது ஒரே ஒரு ஆள்கிட்ட."

"அப்ப ஏன் மூணு வாரமா என் மூஞ்சியப் பாக்கல?"

"மோவாய்க்கட்டை உங்கம்மாவோடது. எதிர்லயே வந்து நிக்குது. நான் என்ன பண்ண?"

பெல்ட் ஓடாத நேரத்தில் கூடம் அசிங்கமான அளவுக்கு அமைதியாக இருக்கும். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு தெரியுமா? அந்தச் சட்டி கொண்டுவந்தவங்கள்ல அஞ்சு பேரு உடனே போகல. வாசல்லயே நின்னாங்க. தொப்பியக் கையில வெச்சு உருட்டுனாங்க. அப்புறம், 'மினா, எனக்கும் வரலம்மா'ன்னாங்க. ஒருத்தருக்கு ரெண்டு மாசமா வரல. ஒருத்தருக்குப் பதினோரு வருஷமா."

"யாரு?"

"போடி, உங்கிட்ட சொல்லவா? பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம வந்து கண்ணை மூடி உக்காந்திருக்காங்க, பாவம். மிட்டாய் சப்பறதோட சரியாம். நான் அவங்கள உள்ள கூப்பிட்டு உக்காரவெச்சேன். ரெண்டு பேரும் சூப்பு குடிச்சோம், ஜெபிக்காம. ஆணிச் சூப்புதான். ஆனா நல்லா இருந்தது, அப்படி உக்காந்திருந்தது."

அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு மாதமாகியிருந்தது.

"அப்புறம் கோர்ஸ்தியான் வந்தாரு. அவரு வீட்டுக்காரி போனதுலேர்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தவிர எதுவும் செஞ்சதில்ல. ஜன்மத்துல முதல் சூப்பு. 'அடிப்பிடிச்சிடுச்சு மினா, மேலாக்க எடுத்துக் குடி'ன்னு சொல்லிட்டு, நான் மூடியத் தொறக்கறதுக்குள்ள ஓடிட்டாரு. ஒரு கரண்டி வாயில வெச்சேன்."

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கரிஞ்ச வாசனை. கசப்பு. லெவீனா, எனக்கு ருசி தெரிஞ்சிது. ஆணி இல்ல. அடிப்பிடிச்ச பட்டாணி. ஏழு மாசத்துல முதல் ருசி. வாயில சூப்பு இருக்கறப்பவே, 'ஸ்தோத்திரம் ஆண்டவரே'ன்னு வந்துடுச்சு. நான் சொல்லல, அதுவா வந்துச்சு. மேசைத்துணியெல்லாம் சூப்பு. சட்டி அடியச் சுரண்டிச் சுரண்டித் தின்னேன். கரியெல்லாம் தின்னேன்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். கூடத்தில் தூசி அதிகம்.

"உடனே என்ன பண்ணேன் தெரியுமா? செருப்ப மாட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டேன். கோட்டுகூடப் போடல. தோட்டக் கதவுல கை வெச்சேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "திரும்பி வந்து சட்டியக் கழுவுனேன். நல்லது நடந்துச்சு, சொல்ல ஆளில்ல. நோவு வந்தப்பக்கூட எனக்கு இப்படி இருந்ததில்லடி."

மணி அடித்தது. எழுந்து கூடையை எடுத்தாள்.

"இதை உங்கம்மாகிட்ட சொல்லாத."

"சரி."

"உங்கம்மாவும் சரின்னுதான் சொன்னா."

வீட்டில் அம்மா இளைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஜன்னலைத் துடைப்பாள். ஏற்கெனவே துடைத்த ஜன்னல். தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் கேட்பாள்.

"மினா ஏதாவது சொன்னாளா?"

"இந்த வருஷம் வெங்காயம் சின்னதா இருக்குன்னாங்க."

"ஜெபம் பண்றாளாமா?"

"எனக்கென்ன தெரியும்."

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "ஒருத்தி தனியா ஜெபிக்கறதவிட இருநூறு பேரு ஜெபிச்சா நல்லதுன்னு யாராவது நெனச்சிருப்பாங்க. கெட்ட எண்ணத்துல செஞ்சிருக்க மாட்டாங்க."

"அந்த யாரோ மஞ்சக்கோடு போட்ட நோட்டுல எழுதியிருக்காங்க," என்றேன். "நம்ம குளிர்பெட்டியில தொங்குதே, அது."

கழுவும் சத்தம் நின்றது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மூப்பருங்க வந்த அன்னிலேர்ந்து. நீ ஏம்மா சொல்லல?"

அம்மா கையைத் துணியில் துடைத்தாள். பிறகு, மிகவும் சாதாரணமாக, "நீ எப்படியும் திட்டு வாங்கறவதான லெவீனா," என்றாள். "உனக்கு அது ஒட்டாதுன்னு நெனச்சேன்."

நான் மாடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அம்மா பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அவள் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தாள்.

அடுத்த சில நாட்கள் கஷ்டமாக இருந்தன. அம்மா சாப்பிடவில்லை. நான்கு முறை, "என்னாலதான் அவ ஆண்டவர விட்டுட்டா, இல்ல?" என்று கேட்டாள். அடிப்பிடித்த சூப்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்து ரொட்டி தின்றிருப்பாள். அந்த வாக்கியம் என் நாக்கின் மேலேயே இருந்தது. ஆனால் அதைக் கேட்டுவிட்டால் அவளுக்கு ஆறுதல் கிடைத்துவிடும். பிறகு நாலு வீடு தாண்டிப் போகவேண்டிய அவசியமே இருக்காது.

"நீயே போய்க் கேளு," என்றேன்.

டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, பத்து மணிக்கு, அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நான் மாடி ஜன்னலில் நின்றேன். எங்கள் ஊரில் முன்கதவுக்கு வருகிறவர்கள் மூன்றே பேர்: போதகர், பொருள் விற்கிறவன், சவப்பெட்டி தூக்குகிறவர்கள். மற்ற எல்லோரும் தோட்டம் சுற்றிப் பின்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவார்கள். அம்மா நாற்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் போய்வந்தாள். அன்று முன்கதவுக்குப் போனாள். மணி அடித்தாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

கதவு திறக்க வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கதவு எப்போதும் இறுகிக்கிடக்கும், மரம் ஊதிப்போய். உள்ளிருந்து மினா அத்தை இழுக்கிறபோது கதவு குலுங்குவதும் திறக்காததும் இங்கிருந்தே தெரிந்தது. வெளியிலிருந்து அம்மா தோளைக் கொடுத்துத் தள்ளினாள். திறந்ததும் இருவரும் கிட்டத்தட்ட மோதிக்கொண்டார்கள். சிரித்திருக்கவேண்டிய இடம். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

அம்மா பேசினாள். நீளமாக இல்லை. மினா அத்தை கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டை எடுத்துக்கொண்டு அவளே வெளியே வந்தாள். இருவரும் அணைமேல் ஏறி நடந்தார்கள். எதிர்காற்று. ஓரிடத்தில் பச்சைத் தொப்பி பறந்தது. அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, அணைச் சரிவில் மேய்ந்த ஆட்டு மந்தைக்குள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

மதியம் அம்மா திரும்பி வந்தாள். காலணியெல்லாம் சேறு. கோட்டைக் கழற்றாமலே உருளைக்கிழங்கை எடுத்து வைத்துத் தோல் சீவ உட்கார்ந்தாள்.

"நாளைக்கு மூப்பர்கிட்ட சொல்லிடறேன். நான்தான்னு. உம்மேல தப்பில்லன்னும் சொல்லிடறேன்."

"ம்."

"அவ ஸ்தோத்திரம் பண்ணாளாம் லெவீனா. ஒரு நாள், தானா வந்துச்சாம்." அம்மாவின் கை நின்றது. "எதுக்குடின்னு கேட்டேன். 'அதை உனக்குச் சொல்ல மாட்டேன் டிங்கனா'ன்னா. கோபமாச் சொல்லல. நேரம் என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா."

நான் இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிடுவா," என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மூப்பர்களிடம் சொன்னாள். மினா அத்தை கிறிஸ்துமஸுக்குத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஜெபத்தின்போது கண்ணை மூடினாளா என்று நான் பார்க்கவில்லை. இப்போது சனிக்கிழமை காப்பி மறுபடி நடக்கிறது. போன வாரம் பெல்ட்டில் நின்றுகொண்டு, "ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?" என்று கேட்டேன்.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு."

"அது போதுமா?"

அவள் கை தானாகப் போய் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தொட்டியில் போட்டது.

"போதாதுடி," என்றாள். "பெல்ட்டப் பாரு."